பின்னால் போகாத வண்டி

இன்றைக்கு அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்பது வயதில் என் குரல் அவனியாபுரம் பைபாஸ் ரோட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாமல் ஒலித்தது. ஒரு கடைக்காரரின் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தைப் படுக்கவைத்தது. சீருடையில் வந்த ஏட்டையா ஒருவரைக் காய்கறி வண்டியில் ஏற்றி உட்கார வைத்தது. இவ்வளவு பெரிய பேச்சை நான் அப்புறம் பேசவே இல்லை. பேச வைத்தவள் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை.

அந்த வருஷம் தீபாவளி முடிந்த கையோடு அத்தை செக்கானூரணியிலிருந்து ஒரு கட்டைப்பையோடு ஆனையூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. குளிக்கிற இடத்தில் வழுக்கிவிட்டது என்றாள். அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பற்று அரைத்துப் போட்டாள். எனக்கு அத்தை வந்ததில் கொண்டாட்டம்தான், ஆனால் மாமா வராதது பெரிய குறை. மாமா வந்தால் காராச்சேவு பொட்டலம் வரும். பைக்கில் டேங்க் மேல் உட்காரவைத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். மாமா ஏன் வரவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. வேலையாக இருக்கிறார் என்றாள் அம்மா. வருவார் என்றார் அப்பா. அத்தையைக் கேட்டால் என் தலையை இழுத்து வைத்துப் பின்ன ஆரம்பித்துவிடுவாள்.

அப்பா கெட்டவர் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் ஒட்டுகிற வேலை அவருக்கு. எல்லாம் மட்டமாக இருக்க வேண்டும், ஒரு கல் தூக்கிக்கொண்டு நின்றாலும் அவருக்குத் தூக்கம் வராது. புருஷன் வீட்டைவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தங்கை அப்படித் தூக்கிக்கொண்டு நின்ற கல். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அந்தக் கல்லில் காலை இடித்துக்கொண்டு போவதாக அவருக்கு ஒரு நினைப்பு.

அத்தை அவரிடம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"சும்மா உக்காந்து திங்க வரலண்ணே. காய் வண்டி போடப் போறேன். பரவை மார்க்கெட்ல எடுத்து, நம்ம ஏரியாலயே வித்துருவேன்."

அத்தைக்கு லோடு ஆட்டோ ஓட்டத் தெரியும், லைசென்ஸும் உண்டு. மாமாவிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. மாமா சில நாள் அதை வழியில் எங்காவது விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவாராம். அதைப் போய் எடுத்து வந்து எடுத்து வந்துதான் அத்தை ஓட்டப் பழகினாளாம். நடப்பது உடம்புக்கு நல்லதென்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்ததால் மாமா மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"சரி. வண்டி ஓடுச்சுன்னா இங்கனயே இரு. ஓடலைன்னா மறுபேச்சுப் பேசாம உன் வீட்டுக்குப் போயிரணும். நானே கொண்டுபோயி விடுவேன்."

அத்தை தலையை ஆட்டினாள். கொஞ்ச நாளில் அவள் கழுத்துச் சங்கிலியும் கைவளையல்களும் போய், மஞ்சள் கயிறு வந்தது. மஞ்சள் கயிறு அத்தைக்கு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன். சொன்னதற்கு அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

வண்டி வருவதற்கு முன்பே ஒலிபெருக்கி வந்துவிட்டது. தெருவில் காய் விற்கிறவர்கள் தொண்டை கிழியக் கத்துகிற காலம் அப்போதே மலையேறிவிட்டது. செல்போனில் ஒருமுறை பேசிப் பதிந்து, அதைச் சின்னப் பெட்டியில் ஏற்றி, வண்டிக் கூரையில் குழாயைக் கட்டிவிட்டால் போதும், அதுபாட்டுக்குக் கூவிக்கொண்டே இருக்கும். அத்தை தன் குரலில் பதிய உட்கார்ந்தபோது அப்பா குறுக்கே விழுந்தார். வீட்டுப் பொம்பளை குரல் ஊரெல்லாம் கேட்க வேண்டுமா என்றார். அத்தை சண்டை போடவில்லை. என்னைக் கைகாட்டினாள். இவள் சின்னப் பிள்ளைதானே, பரவாயில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டார். ஒரு பெண்ணின் குரல் எந்த வயதில் தெருவுக்கு ஆகாததாக மாறுகிறது என்று நான் பிற்பாடு அவரிடம் கேட்டதுண்டு. அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

ஆக, வாங்கம்மா வாங்க, பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், நாட்டுத் தக்காளி, நாட்டுத் தக்காளி என்று நான் ராகம் போட்டுப் பதிந்தேன். நாட்டுத் தக்காளியை இரண்டு தரம் சொன்னது என் சொந்தக் கற்பனை. அதில் எனக்குப் பெருமை.

வண்டி வாங்க அவனியாபுரம் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். பழைய வண்டிகள் வாங்க விற்க என்று பெரிய போர்டு. உள்ளே பைக், ஆட்டோ, வேன் எல்லாம் கழுவித் துடைத்து, டயருக்குக் கறுப்பு பூசி, பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் உட்காரவைத்த மாதிரி வரிசையாக நின்றன. கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் மூன்று மதத்துச் சாமி படங்களும் ஒரே சீரியல் விளக்குக்குள் மாட்டியிருந்தன. யார் வந்தாலும் அவர்களுடைய சாமி மேல் ஆணையிட அது வசதி.

மஞ்சள் நிறத்தில் ஒரு லோடு ஆட்டோவைக் காட்டினார். அதை ரோட்டைப் பார்க்க, வாசலை ஒட்டி நிறுத்தியிருந்தார். அத்தை ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள். இன்ஜின் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டாள், பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள், பின்னால் ஒருதடவை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று.

கடைக்காரர் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா நீ, மொதமொதல்ல வாங்குற வண்டிய பின்னால எடுப்பாங்களா? பொழப்பே பின்னுக்குப் போயிரும்மா. நேரா முன்னால எடு. எலுமிச்சம்பழம் நம்ம செலவு."

எங்கள் பக்கத்தில் புது வண்டியானாலும் பழைய வண்டியானாலும், கைக்கு வந்ததும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு முன்பக்கமாகத்தான் எடுப்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆமாத்தா, அவர் சொல்வதுதான் முறை என்று அப்பாவும் சேர்ந்துகொண்டார். அத்தை கியர்மேல் வைத்த கையை எடுத்துவிட்டாள். கடைக்காரரே குனிந்து பழம் வைத்தார், சூடம் ஏற்றினார். வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு ஜம்மென்று முன்னால் போனது. பழைய வண்டி விற்பவர்கள் கிலோமீட்டரைக் குறைத்து வைப்பார்கள், துருவின்மேல் பெயின்ட் அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களுடைய பயபக்தியையே எடுத்து எங்கள்மேல் பூசியவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தெரு முட்டுச்சந்து. உள்ளே போன வண்டி பின்னால் வந்துதான் வெளியேற வேண்டும். மறுநாள் விடிகாலையில் மார்க்கெட் கிளம்ப அத்தை ரிவர்ஸ் போட்டாள். பற்களை நறநறவென்று கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்ததே தவிர, வண்டி அசையவில்லை. அம்மா ஒருபக்கம், நான் ஒருபக்கம், எதிர்வீட்டுக்காரர் ஒருபக்கம் என்று தெருமுனை வரைக்கும் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனோம். அதிலிருந்து தினமும் காலையில் இதே வேலை. தெருப் பிள்ளைகள் எல்லாம் பல் விளக்கிக்கொண்டே வந்து தள்ளிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அது விளையாட்டு. விற்கப் போன இடத்திலும் முட்டுச்சந்து எது என்று விசாரித்து விசாரித்துத்தான் அத்தை வண்டியை உள்ளே விட வேண்டியிருந்தது.

அப்புறம் முன்னால் போகிற கியர்களும் முனக ஆரம்பித்தன. ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸைக் கழற்றிப் பார்த்தவர், ரிவர்ஸுக்கான சக்கரமே உள்ளே இல்லை என்றார். பல் உடைந்த சக்கரத்தை யாரோ எடுத்துவிட்டு வெறுமனே மூடி வைத்திருக்கிறார்கள். உடைந்த துணுக்குகள் மற்றதையும் தின்றுகொண்டிருக்கின்றன, சீக்கிரம் மொத்தமாக நின்றுவிடும், வேறு கியர்பாக்ஸ்தான் போட வேண்டும் என்றும் சொன்னார். அத்தையிடம் விற்பதற்கு இன்னொரு சங்கிலி இல்லை.

அப்பா அன்றைக்குக் கையைக் கழுவிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம சாயந்தரம் மாப்ளைய வரச் சொல்லிருக்கேன். வந்து கூட்டிட்டுப் போவாரு. வண்டிய வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுருவம்."

மாமா வருகிறார் என்று நான் குதித்தேன். அத்தை எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் எடுத்துக் கழுவினாள்.

அதற்கு அடுத்த நாள் அத்தையும் நானும் அந்த வண்டியிலேயே அவனியாபுரம் போனோம். கடைக்காரர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. பழைய வண்டி என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், பார்த்துத்தானே எடுத்தீர்கள், கையெழுத்துப் போட்டீர்கள் அல்லவா என்றார். பின்னால் எடுத்துப் பார்க்க விடாமல் சகுனம் சொன்னது நீங்கள்தானே என்று அத்தை கேட்டாள். நல்லதுக்குச் சொன்னேன், அது ஒரு குற்றமா என்றார் அவர். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார், அவர்களும் சிரித்துவைத்தார்கள். அத்தை நகரவில்லை. அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"உன்னால ஆனதப் பாரு, போ. மைக்கப் போட்டு ஊரெல்லாம் சொல்லு. எவன் காதுகுடுத்துக் கேக்குறான்னு நானும் பாக்குறேன்."

ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார் இதே வார்த்தையை. எங்கள் வண்டிக் கூரையில் ஒரு குழாய் கட்டியிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கதவைச் சாத்திவிட்டு, செல்போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள். மருமகளே, புதுசாக ஒன்று பதிய வேண்டும் என்றாள். வரிகளை அவளே சொல்லச் சொல்ல, நான் காய்கறி ராகத்திலேயே பாடினேன். எனக்கு வேறு ராகம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கடைக்குத் திருவிழா. வேலைக்குப் போகிற ஜனங்கள் அன்றைக்குத்தான் குடும்பத்தோடு வண்டி பார்க்க வருவார்கள். காலையில் கடை திறந்த சூட்டோடு அத்தை எங்கள் மஞ்சள் வண்டியைக் கொண்டுபோய், கடையின் வாசலுக்குள் மூக்கை நுழைத்து, ஆள் மட்டும் ஒதுங்கிப் போகிற அளவுக்கு இடம் விட்டு நிறுத்தினாள். முன்னால் கடையின் தூண், ஆகவே பின்னால்தான் எடுக்க முடியும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். என் குரல் பைபாஸ் ரோட்டில் கிளம்பியது.

"வாங்கண்ணே வாங்க, வாங்கக்கா வாங்க. பழைய வண்டி பாக்க வந்தவங்க கொஞ்சம் நின்னு கேளுங்க. இந்த வண்டி இதே கடையில வாங்குனது. முன்னால போகும், பின்னால போகாது. பின்னால எடுத்துப் பாக்கவான்னு கேட்டா சகுனம் சரியில்லன்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. பின்னால எடுத்துப் பாத்து வாங்குங்க. நாட்டுத் தக்காளி, நாட்டுத் தக்காளி."

கடைசி வரி பழக்கதோஷத்தில் என் வாயில் வந்தது. அழித்துவிட்டு மறுபடி பதியலாம் என்று நான் சொன்னதற்கு, இருக்கட்டும், தக்காளியும் கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள் அத்தை. அதுபோலவே, வண்டி பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் தக்காளி என்ன விலை என்றுதான் முதலில் நெருங்கினார்கள். தக்காளியை நிறுத்துப் போட்டுக்கொண்டே அத்தை மற்ற கதையைச் சொன்னாள். விளாங்குடியிலிருந்து எலுமிச்சம்பழமும் மாலையுமாக வேன் எடுக்க வந்திருந்த ஒரு குடும்பம், கதையை முழுக்கக் கேட்டுவிட்டு உள்ளே போய், முதலில் ரிவர்ஸ் எடுத்துக் காட்டுங்கள் என்றது. அவர்களைப் பார்த்து அடுத்தவர்களும் கேட்டார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் எல்லா வண்டியும் பின்னால் போனது. நின்றிருந்த வேன்களும் ஆட்டோக்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பக்கமாக ஊர்ந்து வருவதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு வண்டி அசையவில்லை.

கடைக்காரர் முதலில் சிரித்துப் பார்த்தார். பிறகு அதட்டினார். பிறகு வேலையாட்கள் இருவரை அனுப்பி வண்டியைப் பின்னால் தள்ளச் சொன்னார். அத்தை ஹேண்ட்பிரேக்கை விடாமல் உட்கார்ந்துகொண்டு, தள்ளுங்கள் தம்பி, எதுக்குத் தள்ளுகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள் என்றாள். அவர்கள் சுற்றிலும் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் ஏட்டையா வந்தார். கடைக்காரர் போன் போட்டு வரவழைத்திருந்தார். லத்தியால் வண்டியின் தகரத்தைத் தட்டி, வழியில் என்ன இது, வண்டியைப் பின்னால் எடும்மா என்றார்.

"போகாது ஏட்டையா. இவருதான் வித்தாரு. நீங்க வேணா ஏறி எடுத்துப் பாருங்க. எடுத்துட்டீங்கன்னா இப்பவே போயிர்றேன்."

ஏட்டையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கியரைத் தள்ளினார், இழுத்தார், கிளட்சை மிதித்து மிதித்துப் பார்த்தார். வண்டி நறநறவென்று பல்லைக் கடித்தது. மேலே என் குரல் பின்னால போகாது, பின்னால போகாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் வேர்த்து விறுவிறுத்துக் கீழே இறங்கி, தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, இதை முடிச்சு அனுப்புங்க என்று கடைக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு கிலோ தக்காளியைக் காசு கொடுத்தே வாங்கிக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும்.

கடைக்காரரிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் அப்பா. அவருக்கும் போன் போனது. வேலை இடத்திலிருந்து சிமெண்டுக் கையோடு பைக்கில் வந்து இறங்கிய அப்பா, கூட்டத்தைப் பார்த்ததும் கூசிப்போய்விட்டார். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, மானம் போகிறது, கீழே இறங்கு என்று மெதுவாகக் கெஞ்சினார். அதட்டியிருந்தால்கூட அத்தைக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கெஞ்சவும் அவளுக்கு முகம் கோணிவிட்டது. முதல்தடவையாக ஹேண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுத்தாள். என் பேச்சு இத்தோடு நின்றுவிடுமோ என்பதுதான் என் கவலை.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"கூட்டிட்டுப் போங்கண்ணே. புருசங்கிட்ட வாழத் துப்பில்லாதவ, வியாபாரம் பண்ண வந்துட்டா."

அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். இதே வார்த்தையைக் கொஞ்சம் கழுவித் துடைத்து அவரே வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். வேறொருவன் வாயில் கேட்டபோது எப்படி இருந்ததோ, அவர் காது மடலெல்லாம் சிவந்துபோனது. நேராக வந்து, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, வண்டியில் ஏறி அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"சத்தம் கம்மியா இருக்கு. கூட்டி வை."

அத்தை கூட்டி வைத்தாள். என் வாழ்க்கையில் அப்பாவை நான் அவ்வளவு நேசித்த நாள் வேறில்லை.

வெயில் தாழ்கிற நேரத்தில் கடைக்காரர் படியிறங்கி வந்தார். காலையிலிருந்து ஒரு வண்டியும் விலை போகவில்லை. ஒலிபெருக்கியை அணைத்தால் பேசலாம் என்றார். பேசி முடித்த பிறகு அணைக்கலாம் என்றாள் அத்தை. கடைசியில், இந்த வண்டியை அவரே எடுத்துக்கொள்வது, பதிலுக்கு அங்கே நிற்கிற பச்சை லோடு ஆட்டோவை ஒரு பைசா மேலே வாங்காமல் கொடுப்பது, பெயர் மாற்றும் செலவும் அவருடையது என்று முடிவானது. ஏட்டையாவுக்கும் போனில் தகவல் சொன்னார்கள்.

வேலையாள் பழக்கத்தில் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து பச்சை வண்டியின் முன்சக்கரத்தடியில் வைத்தார். அத்தை ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டாள். வேணாம் ஆத்தா, முதலில் முன்னால் ஒரு அடி வைத்துவிட்டு எடு, ஆகாது என்று அப்பா வாய்விட்டுக் கத்தினார். அவர் குணம் மாற ஒரு நாள் போதாது. அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைப் பார்த்து, தலையை வெளியே நீட்டி, பச்சை வண்டியைப் பின்னாலேயே ஓட்டினாள். கடையின் அந்தக் கோடி வரைக்கும் போய், ஒரு வளைவு வளைத்து, மறுபடியும் பின்னாலேயே கொண்டுவந்து அப்பா காலடியில் நிறுத்தினாள். எலுமிச்சம்பழம் வைத்த இடத்திலேயே முழுசாகக் கிடந்தது. நின்றிருந்தவர்களில் யாரோ கைதட்டினார்கள்.

பிறகு அப்பாவிடம் நிதானமாகச் சொன்னாள்.

"அவர வரவேண்டாம்னு போன் போட்டுச் சொல்லிருண்ணே. நானே அங்கிட்டுத்தான் போறேன்."

அப்பா பைக்கை உதைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியும் நல்ல வண்டி, அத்தையும் மாமா வீட்டுக்குப் போகிறாள். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன், அத்தை மறுக்கவில்லை. திருப்பரங்குன்றத்தைத் தாண்டி, நாகமலையை ஒட்டிய ரோட்டில் செக்கானூரணிக்குப் போனோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே போனேன். அத்தை உம் கொட்டினாள்.

மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலை வாரி, எங்கள் வீட்டுக்கு வருவதற்குக் கிளம்பிய கோலத்திலேயே எங்களுக்காகக் காத்திருந்தார். எனக்காக வாங்கி வைத்திருந்த காராச்சேவு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அத்தை அவரைத் தாண்டி உள்ளே போனாள். தையல் மெஷின் வெளியே வந்தது. கிரைண்டர் வந்தது. பித்தளை அண்டா, குடம், இட்லிச்சட்டி, பீரோவிலிருந்த சேலைகள், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி, எல்லாம் வந்தன. கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்தவை மட்டும். மாமா வாங்கியது எதையும் அவள் தொடவில்லை. கிரைண்டரைத் தூக்க முடியாமல் அவள் நின்றபோது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஒருகை பிடித்தாள். அத்தையின் மணிக்கட்டை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. ஊர் பார்க்கிறது, இறக்கி வை என்று மாமா பல்லுக்குள் பேசினார். தெருவையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தாரே தவிர, கிட்டே வரவில்லை.

வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லோருமாக ஆனையூருக்கு வரப்போகிறோம் என்று நான் நினைத்தேன். எவ்வளவு நல்ல யோசனை. சாமான்களுக்குக் காவலாகப் பின்னால்தான் உட்காருவேன் என்று சொல்லி ஏறியிருந்த நான், அண்டாவைத் தள்ளி, தையல் மெஷினை ஓரத்தில் ஒட்டி, ஒரு ஆள் கால் நீட்டி உட்காருகிற மாதிரி இடம் பண்ணினேன்.

"மாமா, இந்தா இங்க எடம் இருக்கு. ஏறிக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். முன்னால் அத்தை ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அப்புறம் வண்டி கிளம்பியது. தெரு திரும்புகிற வரைக்கும் நான் மாமாவைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஓடிவந்து ஏறிவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு விளாங்குடி தாண்டுகிற வரைக்கும் போகவில்லை. குடம் உருண்டு வந்தாலும், சேலை மூட்டை சரிந்தாலும், காலால் தடுத்து, அந்த இடத்தில் ஒரு சாமானும் விழாமல் பார்த்துக்கொண்டேன். அது காலியாகவே வீடு வந்து சேர்ந்ததில் எனக்கு அழுகை வந்தது. அந்த இடம் காலியாக இருப்பதற்காகத்தான் அத்தை அத்தனை பாடும் பட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.